அண்ணனின் ரத்தம் 'ஓ' ஆன கதை

என் அண்ணனின் டிரைவிங் லைசென்ஸில் ரத்த வகை 'பி பாசிட்டிவ்' என்று இருக்கிறது. போன மாதம் நாகர்கோவிலில் ஒரு லேபில் சோதித்தபோது 'ஓ பாசிட்டிவ்' என்று வந்தது. லேபில் இருந்த பையன் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "லைசென்ஸ்ல தப்பா போட்டிருக்காங்க அண்ணே, மாத்திடுங்க" என்றான். அண்ணன் சிரித்தான். "தப்பு இல்ல மக்கா. அது பழைய ரத்தம். இது எனக்க தங்கச்சிக்க ரத்தம்."

பையனுக்குப் புரியவில்லை. 2015 வரை எனக்கும் புரிந்திருக்காது. ரத்த வகை என்பது பிறந்தபோதே முடிவாகிவிட்ட விஷயம், சாகும்வரை மாறாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நான் டாக்டர் இல்லை. பிஇ படித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாகக் கோட் எழுதிக்கொண்டிருப்பவன். வீட்டுக்குள் ஒரு நோய் வந்ததால், ரத்தம் எங்கே எப்படி உண்டாகிறது என்று தேடிப் படிக்கப் போய், அந்தப் படிப்பு இன்னும் முடியவில்லை. அந்தக் குறிப்புகளின் சுருக்கம் இது.

காலியான எலும்பு

2015இல் அண்ணனுக்கு 38 வயது. வடசேரியில் கடை. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது. கையில் காலில் அடிபடாமலேயே நீலம் பாய்ந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தச் சோதனையில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றுமே குறைவு. ஒன்று குறைந்தால் அதற்குப் பல காரணம் இருக்கலாம். மூன்றும் சேர்ந்து குறைந்தால் டாக்டர்கள் தொழிற்சாலையையே சந்தேகிப்பார்கள். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். அணுக்கள் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் வெறும் கொழுப்பு. நோயின் பெயர் அப்ளாஸ்டிக் அனீமியா.

உறவினர்கள் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரத்தம் குறைஞ்சா ரத்தம் ஏத்தினா போதாதா?"

போதாது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தட்டணுவுக்கு ஒரு வாரம், பத்து நாள். வெள்ளையணுவில் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்களுக்கு அதைவிடவும் குறைவு. ஆரோக்கியமான உடம்பு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்கிறது. விநாடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல். வெளியிலிருந்து ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரிதான். ஊற்று வேண்டும்.

அந்த ஊற்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தே இன்னும் 160 வருஷம் ஆகவில்லை.

1868

ரத்தம் ஈரலில் உண்டாகிறது, மண்ணீரலில் உண்டாகிறது, நிணநீர்க் கணுக்களில் உண்டாகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல கருத்துகள் இருந்தன. எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை எலும்புக்கான சாப்பாடு என்று நினைத்தவர்களும் உண்டு. 1868இல் கோனிக்ஸ்பெர்க்கைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் நியூமன் என்ற நோயியல் அறிஞர், முயல்களின், மனிதர்களின் எலும்புகளை நசுக்கி வந்த சாற்றை நுண்நோக்கியில் பார்த்தார். உட்கரு உள்ள சிவப்பணுக்கள் அதில் இருந்தன. நம் நரம்பில் ஓடும் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. அப்படியானால் இவை இன்னும் முதிராத பிஞ்சுகள். ரத்தம் பிறப்பது இங்கேதான் என்று நியூமன் எழுதினார். அதே வருஷம் இத்தாலியில் ஜூலியோ பிஸ்ஸொசெரோவும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்.

அடுத்த கேள்வி: சிவப்பணுவுக்கும் வெள்ளையணுவுக்கும் தனித்தனித் தாயா, ஒரே தாயா? 1909இல் பெர்லினில் ரஷ்யரான அலெக்சாண்டர் மாக்ஸிமோவ், எல்லா ரத்த அணுக்களுக்கும் ஒரே தாய் அணு என்று வாதிட்டார். ஸ்டெம் செல் என்று நாம் இன்று சொல்கிற அதே பொருளில் அதை அழைத்தார். ஆனால் கையில் ஆதாரம் இல்லை. நுண்நோக்கியில் அந்தத் தாய் அணு பார்க்கச் சாதாரண வெள்ளையணு மாதிரிதான் இருக்கும். அடையாளம் காட்ட வழியில்லாமல் விவாதம் ஐம்பது வருஷம் இழுத்தது.

திருவல்லிக்கேணி

இந்த இடைவெளியில்தான் சென்னை வருகிறது. நான் எதிர்பார்க்காத திருப்பம் இது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய் வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிப் பெண்கள், ஆலைத் தொழிலாளிகள், கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அவர்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அளவில் பெரியவை. வில்ஸ் பிறகு குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலையைத் தொடர்ந்தார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று இருப்பது அதுதான். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு இந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்த பொருள்தான் பின்னால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

அதே திருவல்லிக்கேணியில், இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். அவருடைய சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. அந்த நோயும் இதே மாதிரிச் சோகையைக் கொண்டுவரும். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததற்காக ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் அதற்குக் கீழான எல்எம்எஸ் பட்டத்தோடு வெளியே வந்தார். 1923இல் அமெரிக்கா போனார். 1945இல் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது.

ஒரு அணு இரண்டாகப் பிரியுமுன் தன் டிஎன்ஏவை நகலெடுக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் தேவை. அது இல்லாவிட்டால் மஜ்ஜையில் அணு பெருக்கிறது, பிரிய முடியவில்லை. வில்ஸ் பார்த்த பெரிய அணுக்களுக்குக் காரணம் அதுதான். சுப்பாராவின் குழு இன்னொன்றும் செய்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றும், ஆனால் வேலை செய்யாத போலிகளைத் தயாரித்தது. பூட்டுக்குள் நுழைந்து திரும்பாமல் நிற்கும் சாவி மாதிரி. கட்டுமீறிப் பெருகும் ரத்தப் புற்றுநோய் அணுக்களை நிறுத்த 1947 இறுதியில் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது. அதுவரை அந்த நோய்க்கு எந்த மருந்தும் இல்லை. முடிவுகள் 1948 ஜூனில் வெளியாயின. ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 53.

அமினோப்டெரினின் உடன்பிறப்பு மெதோட்ரெக்ஸேட். அந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

எலியின் மண்ணீரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஹிரோஷிமாவுக்குப் பிறகு கதிர்வீச்சு உடம்பை என்ன செய்கிறது என்பது அவசரக் கேள்வியானது. தப்பிப் பிழைத்தவர்கள் சில வாரங்களில் ரத்தம் கசிந்தும் கிருமி தொற்றியும் இறந்தார்கள். கதிர்வீச்சு மஜ்ஜையைக் கொன்றிருந்தது. 1949இல் சிகாகோவில் லியான் ஜேகப்சன் எலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மூடிவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார். எலி பிழைத்தது. பிறகு மற்றவர்கள் வேறு எலியின் மஜ்ஜையை ரத்தக் குழாயில் செலுத்தினாலே போதும் என்று காட்டினார்கள்.

டொரன்டோவில் இருவர் இதை எண்ணிக்கையாக மாற்றினார்கள். ஜேம்ஸ் டில் ஒரு இயற்பியலாளர், எர்னஸ்ட் மெக்குல்லக் ஒரு மருத்துவர். கதிர்வீச்சு கொடுத்த எலிகளுக்கு வெவ்வேறு அளவு மஜ்ஜை அணுக்களைச் செலுத்தினார்கள். பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெக்குல்லக் எலிகளைத் திறந்து பார்த்தபோது மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள். எண்ணினார். எவ்வளவு அணுக்கள் செலுத்தினார்களோ அதற்கு ஏற்ற அளவில் முடிச்சுகள் இருந்தன. ஏறத்தாழ 10,000 அணுக்களுக்கு ஒரு முடிச்சு. 1961இல் இது வெளிவந்தது. 1963இல் ஆன்டி பெக்கர் என்ற மாணவரோடு சேர்ந்து, ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு அணுவிலிருந்து வந்தது என்று நிரூபித்தார்கள். கதிர்வீச்சால் குரோமோசோமில் ஏற்படும் தழும்பு ஒவ்வொரு அணுவிலும் வேறு வேறு. ஒரு முடிச்சுக்குள் இருந்த அணுக்களில் எல்லாம் ஒரே தழும்பு. அந்த முடிச்சுக்குள் சிவப்பணுப் பிஞ்சும் இருந்தது, வெள்ளையணுப் பிஞ்சும் இருந்தது. மாக்ஸிமோவ் சொன்ன ஒரே தாய்!

கோட் எழுதுகிறவனாக எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை, அது விட்டுப்போகும் தடத்தை எண்ணியே பிடித்துவிட்டார்கள்.

வாழையும் கன்றும்

தமிழில் ஸ்டெம் செல்லுக்குக் குருத்தணு என்று ஒரு சொல் புழங்குகிறது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாழையை வைத்துச் சொன்னால் எளிது. வாழை குலை தள்ளும், பிறகு அது முடிந்துவிடும். ஆனால் அதற்குள் பக்கத்தில் கன்று விட்டிருக்கும். தோட்டம் அழியாது. ஸ்டெம் செல்லும் இரண்டு வேலை செய்கிறது. தன்னைப் போலவே இன்னொன்றை உண்டாக்கிவைக்கிறது, ரத்தமாக மாறப்போகிற பிள்ளையையும் உண்டாக்குகிறது. முதல் வேலை நின்றால் தோட்டம் காலி. அண்ணனுக்கு நடந்தது அதுதான்.

பிள்ளை அணு படிப்படியாகப் பாதையைத் தேர்ந்துகொள்கிறது. ஒரு பக்கம் சிவப்பணு, தட்டணு, நியூட்ரோஃபில் வகையறா. இன்னொரு பக்கம் நோயெதிர்ப்புக்கான லிம்போசைட்டுகள். யார் எவ்வளவு வேண்டும் என்பதை உடம்பு கடிதம் போட்டுச் சொல்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் அனுப்பும். அதைப் பெற்ற அணு பல தடவை பிரிந்து, ஹீமோகுளோபினால் நிரம்பி, கடைசியில் தன் உட்கருவையே வெளியே தள்ளிவிட்டுச் சிவப்பணுவாக ரத்தத்தில் இறங்கும். தட்டணு முழு அணுவே இல்லை. மெகாகேரியோசைட் என்ற பெரிய அணு மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு தன்னையே துண்டு துண்டாக உதிர்க்கிறது, அந்தத் துண்டுகள்தான் தட்டணு. வெள்ளையணுவைக் கூட்ட ஜி-சிஎஸ்எஃப் என்ற சுரப்பு.

முன்பெல்லாம் இதை வம்சாவளி மரம் போல, தெளிவான கிளைகளோடு வரைவார்கள். ஒவ்வொரு அணுவாகப் பார்க்கும் வசதி வந்த பிறகு, கிளைகள் அவ்வளவு கறாராக இல்லை, மலைச்சரிவில் தண்ணீர் இறங்குவதுபோல மெல்ல மெல்லத்தான் பாதை பிரிகிறது என்கிறார்கள்.

ஒரு மனிதருக்கு இப்படி ரத்தம் செய்துகொண்டிருக்கும் ஸ்டெம் செல்கள் 50,000 முதல் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று 2018இல் பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று கணக்கிட்டது. 2011 கணக்கெடுப்பில் நாகர்கோவிலின் மக்கள்தொகை இரண்டேகால் லட்சம். நம் ஊர் ஜனம்கூட இல்லாத ஒரு கூட்டம், தினம் 20,000 கோடி அணுக்களுக்குப் பொறுப்பு.

ஆறு மரணங்கள், பிறகு வேலூர்

எலியில் முடிந்தது மனிதரில் எளிதாக முடியவில்லை. 1957இல் அமெரிக்காவில் டோனல் தாமஸ் ஆறு நோயாளிகளுக்குப் பிறர் மஜ்ஜையைச் செலுத்தியதைப் பதிவு செய்தார். ஆறு பேரும் இறந்தார்கள். பெரிய தடை ஒன்று பிறகு தெரிந்தது. சிறுநீரகம் மாற்றினால் உடம்பு அந்நிய உறுப்பைத் தாக்கும். மஜ்ஜை மாற்றினால் தலைகீழ். வந்த மஜ்ஜையிலிருந்து பிறக்கும் வெள்ளையணுக்கள், குடிவந்த வீட்டையே அந்நியமென்று தாக்கும். எச்எல்ஏ என்ற அடையாளப் பொருத்தம் பார்க்கக் கற்ற பிறகுதான் நிலைமை மாறியது. 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட், நோயெதிர்ப்பு இல்லாமல் பிறந்த ஆண் குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையைக் கொடுத்துப் பிழைக்கவைத்தார். தாமஸும் விடவில்லை. 1990இல் நோபல் பரிசு பெற்றார்.

அந்தத் தாக்குதலை அடக்க, மாற்று முடிந்த முதல் சில நாட்களில் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று மெதோட்ரெக்ஸேட். அண்ணனின் மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தபோது எனக்குச் சுப்பாராவ் யாரென்றே தெரியாது.

இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சுரேஷ் அத்வானி, ரத்தப் புற்றுநோய் வந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையை மாற்றினார். 1986இல் வேலூர் சிஎம்சியில் மேமன் சாண்டியின் தலைமையில், தலசீமியா நோய்க்கு மாற்று சிகிச்சை தொடங்கியது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வேலூர் பாதை புதிதல்ல. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல், எங்கள் நெய்யூர் ஆஸ்பத்திரியில் பல வருஷம் அறுவை சிகிச்சை செய்துவிட்டு, பிறகு வேலூருக்குத்தான் கற்பிக்கப் போனார். நாங்களும் காட்பாடியில் இறங்கினோம்.

மாமியின் கேள்வி

உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அண்ணனுக்கு நானும் தங்கையும். இரண்டு பேரில் ஒருவராவது பொருந்த நூற்றுக்கு 44. ரயிலிலேயே கணக்குப் போட்டேன். முடிவு வந்தது. நான் பொருந்தவில்லை. தங்கை முழுப் பொருத்தம்.

தங்கைக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருஷம். தக்கலை பக்கம் கொடுத்திருந்தோம். அவளுடைய மாமியார் கெட்டவர் இல்லை. பயந்தார். "மக்களே, ஒனக்க அண்ணன் பிழைக்கணும், அதுல மாற்றமில்ல. ஆனா எலும்புக்க உள்ள இருந்து எடுத்தா, நாளைக்கு இவ ஒரு பிள்ளை பெற முடியுமா? முதுகு போயிருமே?"

அம்மாவிடம் பதில் இல்லை. மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் நான் படம் போட்டேன். "மாமி, எலும்பை வெட்ட மாட்டாங்க. ஐந்து நாள் ஊசி போடுவாங்க. அந்த ஊசி போட்டா எலும்புக்குள்ள இருக்கிற தாய் அணு கொஞ்சம் ரத்தத்துல இறங்கி வரும். ஒரு கையில ரத்தம் எடுத்து மெஷின் வழியா விட்டு, தாய் அணுவை மட்டும் பிரிச்சு, மீதியை மறு கையில திருப்பி ஏத்துவாங்க. நாலஞ்சு மணி நேரம். எடுத்தது கொஞ்ச நாள்ல திரும்ப ஊறிரும். வாழையில கன்று பிரிச்சு நட்டா மூடு பட்டுப்போகுமா?"

அந்த ஊசி, மேலே சொன்ன ஜி-சிஎஸ்எஃப்தான். மாமி அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அவளுக்க கிட்ட கேளு" என்றார். தங்கை அதற்கு முன்பே வேலூருக்குத் துணி எடுத்து வைத்திருந்தாள்.

அண்ணனுக்கு முதலில் மருந்து கொடுத்து மிச்சமிருந்ததையும் அழித்தார்கள். பிறகு தங்கையின் அணுக்களை, ரத்தம் ஏற்றுவது போலவே, ஒரு பையிலிருந்து குழாய் வழியாக விட்டார்கள். அவ்வளவுதான். எலும்புக்குப் போகும் வழியை அந்த அணுக்களே கண்டுபிடித்துக்கொள்ளும். இரண்டு வாரம் தினமும் காலையில் வெள்ளையணுக் கணக்குக்காகக் காத்திருந்தோம். பதினைந்தாம் நாள் எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது.

சில மாதங்களில் பழைய 'பி' சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து போயின. தங்கையின் 'ஓ' நிரம்பியது. குரோமோசோம் சோதனையில் அண்ணனின் ரத்த அணுக்கள் எக்ஸ்-எக்ஸ் என்று, பெண்ணின் ரத்தமாக, காட்டின. டில்லும் மெக்குல்லக்கும் தழும்பைத் தேடிய அதே வேலை. தங்கைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

இப்போது

சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்துத் திருத்தித் திருப்பிக் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. 2024 டிசம்பரில் வேலூர் சிஎம்சியின் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழு, கடுமையான ஹீமோஃபிலியா உள்ள ஐந்து பேருக்கு அப்படிச் செய்ததை வெளியிட்டது. அவர்களுடைய ஸ்டெம் செல்லுக்குள், ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியின் மரபணுவை வைரஸ் வழியாகச் சேர்த்துத் திருப்பி ஏற்றினார்கள். கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை. தாய் அணுவைத் திருத்தியதால் அதன் பிள்ளைகள் அந்தக் காரணியைச் செய்துகொண்டே இருக்கின்றன.

இதன் மறுபக்கம் விலை. அரிவாள் வடிவ அணு நோய்க்கான முதல் மரபணுத் திருத்த சிகிச்சைக்கு 2023இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். இந்தியாவில் அந்த அணுவை முதலில் நீலகிரிப் பழங்குடியினரிடம் பார்த்தார்கள், 1952இல், லேமனும் கட்புஷ்ஷும். அந்த மலைக் குழந்தைகளுக்கு அந்த விலை என்ன பொருள்? வேலூரில் நடப்பது முக்கியம் என்று நான் நினைப்பதற்கு இதுவும் காரணம்.

ஒரு விஷயம் பாக்கி. அன்று என் ரிசல்ட் பொருந்தவில்லை என்று வந்தபோது, முதல் நொடியில் எனக்கு வந்தது வருத்தம் இல்லை. நிம்மதி. மாமி வாய்விட்டுக் கேட்டதை நான் வாய்திறக்காமல் பயந்திருந்தேன். இத்தனை படித்தவன் பயப்பட்டான். சின்னப் பெண் துணி எடுத்து வைத்தாள். இதை நான் வீட்டில் சொன்னதில்லை.

உடன்பிறந்தவர் பொருந்தாதவர்களுக்கு முகம் தெரியாத ஒருவர்தான் வழி. அதற்காகக் கொடையாளர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. தாத்ரி 2009இல் சென்னையில் தொடங்கியது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்துக் கொடுத்தால் பதிவு முடிந்தது. நான் கொடுத்துவிட்டேன். இன்னும் யாருக்கும் பொருந்தவில்லை. போன் வந்தால் இந்தத் தடவை வருத்தமோ நிம்மதியோ, முதல் நொடியில் எது வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் போவேன்.